பகல் போதாத வீடுகள்

இவான் கேமரன் என்ற மனநல மருத்துவரின் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அவப்பெயர்தான். 1950களின் பிற்பகுதியில், கனடாவின் மான்ட்ரியல் நகரில், சிஐஏ பணத்தில் அவர் நோயாளிகள் மீது நடத்திய பரிசோதனைகள் அப்படிப்பட்டவை. அதற்கு வெகுகாலம் முன்பு, அமெரிக்காவின் ஆல்பனியில் வேலை பார்த்தபோது, அவர் ஒரு சின்னச் சோதனை செய்தார். இந்த அத்தியாயம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவரிடம் இருந்த முதிய நோயாளிகளில் சிலர் பகலில் சாதுவாக இருப்பார்கள். இரவில் ஆளே மாறிவிடுவார்கள். இடம் தெரியாது, எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது, கட்டிலை விட்டிறங்கி எங்கோ புறப்படுவார்கள். நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பு இதற்குக் காரணமா, இல்லை இருட்டா? கேமரன் அவர்களைப் பட்டப்பகலில் ஓர் இருட்டறையில் இருத்திப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் இரவுக் குழப்பம் பகலிலேயே வந்துவிட்டது. களைப்பல்ல, இருட்டுதான் என்று 1941இல் எழுதினார். தான் எங்கே இருக்கிறோம் என்ற படத்தை இந்த மூளைகளால் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. கண் மறுபடி மறுபடி பார்த்துச் சொன்னால்தான் அந்தப் படம் நிற்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

மறதி நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாலை ஐந்து, ஐந்தரை இருக்கும். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பிப்பார். பீரோவைத் திறந்து இரண்டு புடவையை எடுத்து மஞ்சள் பையில் திணிப்பார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போறேன்" என்பார். "இதுதான் அத்தை நம்ம வீடு" என்று மருமகள் சொன்னால் கோபம் வரும். கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவார். கையைப் பிடித்து உட்காரவைக்கப் போனால் தட்டிவிடுவார்; சில நாள் அடியும் விழும். இந்த இருப்புக்கொள்ளாத தவிப்பை மருத்துவர்கள் 'அஜிடேஷன்' என்கிறார்கள். பொழுது சாயும்போது அது ஏறுவதை 'சன்டவுனிங்' என்கிறார்கள்.

வீட்டு விளக்கை மாற்றினால் இது குறையுமா? எண்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெளிச்சம் கூடக்கூடத் தவிப்பு குறையும் என்று சொல்ல முடியவில்லை. பகலுக்கும் இரவுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வந்து எந்தக் கண்ணில் விழுகிறது என்பவைதான் முக்கியம் என்று தெரிகிறது.

பார்ப்பதற்கென்று இல்லாத செல்கள்

இரண்டு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் ஓரிடத்தில் குறுக்கே கடக்கின்றன. அதற்குச் சற்று மேலே ஒரு சிறிய செல் கூட்டம் இருக்கிறது. மொத்தம் சுமார் 20,000 நரம்புச் செல்கள். 'சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ்' என்பது இதன் பெயர். உடலின் தலைமைக் கடிகாரம் இதுதான் என்பது 1972இல் தெரியவந்தது. எப்போது தூக்கம் வர வேண்டும், உடல் சூடு எந்த நேரத்தில் உச்சத்துக்குப் போக வேண்டும், மெலடோனின் என்ற இரவு ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் இது ஒழுங்குபடுத்துகிறது.

இந்தக் கடிகாரம் தானாகவே ஓடும். ஆனால் மனிதர்களிடம் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீளம். தினமும் யாராவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். கச்சேரியில் தாளம் போடுகிறவர் போல என்று வைத்துக்கொள்ளலாம்: அவர் எழுந்து போய்விட்டாலும் பாட்டு உடனே நின்றுவிடாது, ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டிருப்பார்கள்.

வெளிச்சம் வந்த செய்தியைக் கடிகாரத்துக்குச் சொல்வது எது? பள்ளிப் பாடத்தில் படித்த கோல் செல்களும் கூம்பு செல்களும்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவை இரண்டும் இல்லாத சுண்டெலிகளின் கடிகாரமும் வெளிச்சத்துக்கு ஏற்பத் திருந்துகிறது என்று ரஸ்ஸல் ஃபாஸ்டரின் குழு 1999இல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, தவளைத் தோலின் செல்களில் 'மெலனாப்சின்' என்ற ஒளியுணர் புரதத்தை இக்னேஷியோ புரொவென்சியோ கண்டுபிடித்திருந்தார். 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சன் விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணர் செல்லை அடையாளம் காட்டினார். மெலனாப்சின் உள்ள இந்த செல்களின் முதன்மையான வேலை உருவம் காட்டுவது அல்ல, பகலா இரவா என்று கடிகாரத்துக்குச் சொல்வதுதான். சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு இவை மிக நன்றாக எதிர்வினை காட்டும். காலை வானத்தில் தாராளமாக இருப்பது அந்த ஒளிதான்.

இனி, எண்பது வயதான ஒரு கண்ணை நினைத்துப் பாருங்கள். பாவை சுருங்கியிருக்கும். லென்ஸ் மஞ்சளேறியிருக்கும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. மஞ்சளேறிய லென்ஸ் முதலில் தடுப்பதும் நீலத்தைத்தான். இதற்கு மேல், மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் தன் பங்கைச் சேர்க்கிறது. இறந்த நோயாளிகளின் மூளைகளில் இந்தக் கடிகாரப் பகுதி சுருங்கிச் செல்கள் குறைந்திருப்பதை ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாப் 1985இல் பதிவு செய்தார். மெலனாப்சின் செல்களே இந்நோயில் குறைந்துபோகின்றன, அவற்றுக்குள்ளும் அவற்றைச் சுற்றியும் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள்.

கண் மங்கியவருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. கிடைப்பதோ குறைவு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழுநிலவின் கீழ் அரை லக்ஸ்கூட வராது. வீட்டுக் கூடத்தில் மாலை விளக்கு 100, 200 லக்ஸ் தரும். நேர்வெயில் ஒரு லட்சம். அமெரிக்காவின் சான் டியேகோவில் சோனியா ஆங்கோலி இஸ்ரேலின் குழு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் கையில் ஒளிமானியைக் கட்டி அளந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், பகல் வெளிச்சத்தின் இடைநிலை அளவு 54 லக்ஸ். ஆயிரம் லக்ஸைத் தாண்டிய வெளிச்சம் அவர்கள் மீது பட்டது ஒரு நாளில் பத்தரை நிமிடம். ஜன்னலுக்கு வெளியே கலிஃபோர்னியா வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நெதர்லாந்தின் பன்னிரண்டு இல்லங்கள்

வெளிச்சம் கொடுத்தால் தேய்ந்த கடிகாரம் மீளுமா? ஸ்வாபின் ஆய்வுக்கூடத்தில் முதலில் எலிகளிடம் பார்த்தார்கள். வயதான எலிகளின் கடிகாரப் பகுதியில் 'வாஸோபிரசின்' என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறையும். கூட்டில் பகல் வெளிச்சத்தை அதிகமாக்கியபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. 1995இல் வந்த முடிவு இது. பயன்படுத்தாததால்தான் பாதி தேய்கிறது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

அதே குழுவைச் சேர்ந்த ஏயூஸ் ஃபான் ஸோமரன், மறதி நோயுள்ள 22 பேர் பகலில் உட்கார்ந்திருக்கும் கூடங்களின் வெளிச்சத்தைச் சராசரி 436 லக்ஸிலிருந்து 1,136 லக்ஸுக்கு உயர்த்தினார். நான்கு வாரத்தில் அவர்களுடைய ஓய்வும் நடமாட்டமும் நாளுக்கு நாள் சீராயின. ஆனால் பார்வை நன்றாக இருந்தவர்களுக்கு மட்டுமே. கண் கெட்டுப்போனவர்களிடம் மாற்றமில்லை. 1997இல் வெளியான இந்த ஆய்வின் மிக அழகான பகுதி அதுதான்: பலன் தந்தது புது விளக்கு வந்த உற்சாகமோ கூடுதல் கவனிப்போ என்றால் பார்வை கெட்டவருக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.

பெரிய சோதனை அடுத்து வந்தது. 1999 முதல் 2004 வரை, பன்னிரண்டு பராமரிப்பு இல்லங்கள், 189 முதியவர்கள், சராசரி வயது 85.8, பத்தில் ஒன்பது பேர் பெண்கள், 87 சதவீதத்தினருக்கு மறதி நோய். குலுக்கல் முறையில் சில இல்லங்களின் கூடங்களில் சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம். மற்றவற்றில் சுமார் 300. அதோடு, ஒவ்வொரு இல்லத்திலும் சிலருக்கு மாலையில் 2.5 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. சராசரியாகப் பதினைந்து மாதம், சிலரை மூன்றரை ஆண்டுவரை பின்தொடர்ந்தார்கள். விளக்கைப் பற்றி இவ்வளவு பொறுமையான ஆய்வு அரிது.

2008இல் முடிவுகள் வந்தன. பிரகாசமான கூடங்களில் இருந்தவர்களின் மனச்சோர்வு 19 சதவீதம் குறைவு. அறிவுத்திறன் தேய்வதிலும் ஒரு சிறு தாமதம், 5 சதவீத அளவில். குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் வரும் சரிவு பாதிக்கு மேல் மெதுவானது. மெலடோனின் தூக்கத்தை 27 நிமிடம் நீட்டியது; ஆனால் அதை மட்டும் கொடுத்தபோது மனநிலை கெட்டது, ஆட்கள் ஒதுங்கிப்போனார்கள். வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கெடுதல் மறைந்தது.

தவிப்பு என்ன ஆயிற்று? அதை அளக்க ஜிஸ்கா கோஹென் மான்ஸ்ஃபீல்டு உருவாக்கிய ஒரு பட்டியல் இருக்கிறது. நடந்துகொண்டே இருப்பது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, கத்துவது, அடிப்பது, பொருளை ஒளித்துவைப்பது, வேறெங்கோ போக முயல்வது என 29 நடத்தைகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மணிக்குப் பலமுறை' என்றால் 7. நெதர்லாந்தில் வெளிச்சமும் மெலடோனினும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் இந்த மதிப்பெண் 3.9 குறைந்தது, அதாவது 9 சதவீதம். 'மணிக்குப் பலமுறை' கதவைத் தட்டுபவர் 'நாளைக்குப் பலமுறை' தட்டுபவராக மாறினால் இந்த மதிப்பெண்ணில் ஒரு புள்ளி இறங்கும். மாயம் எதுவுமில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவருக்கு அது ஒரு நிம்மதியான மாலை.

வெளிச்சம் கூடியது, தவிப்பும் கூடியது

இதோடு முடிந்திருந்தால் எல்லா முதியோர் இல்லங்களுக்கும் பெரிய விளக்கு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிடலாம். 2010இல் வேறு கதை வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மனநல மருத்துவமனைப் பிரிவு, ஒரிகானில் மறதி நோயாளிகளுக்கென்றே உள்ள ஓர் இல்லம். இரண்டு இடத்திலும் பொது அறைகளில் 2,000 முதல் 3,000 லக்ஸ் தரக்கூடிய விளக்குகளைப் பொருத்தினார்கள். காலையில் மட்டும், மாலையில் மட்டும், நாள் முழுவதும், வழக்கமான வெளிச்சம் என நான்கு விதமாக மாற்றி மாற்றி 66 பேரைக் கவனித்தார்கள். தவிப்பு குறையவில்லை. வழக்கமான வெளிச்சத்தில் இருந்ததைவிடப் பிரகாசமான நாட்களில் கூடியது.

ஆங்கோலி இஸ்ரேல் குழு 2003இல் கண்டது இன்னும் சுவாரசியம். கடுமையான அல்சைமர் உள்ளவர்களுக்குக் காலையில் பிரகாசமான ஒளி கொடுத்தார்கள். கூடவே இருந்து குறிப்பெடுத்தவர்களின் கணக்கில் தவிப்பின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் நாளில் அது உச்சத்துக்குப் போகும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போயிற்று. கடிகாரம் செய்தியைக் கேட்டிருக்கிறது. தவிப்பு வேறு நேரத்துக்கு நகர்ந்திருக்கிறது. அல்சைமர் உள்ளவர்களுக்கு உடல் சூட்டின் அன்றாட உச்சம் வழக்கத்தைவிடத் தாமதமாக வருகிறது, அந்தத் தாமதம் அதிகமாக அதிகமாக மாலைத் தவிப்பும் கடுமையாகிறது என்று லாடிஸ்லாவ் வோலிசர் 2001இல் எழுதியிருந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் எல்லாச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மறதி நோய்க்கு ஒளி சிகிச்சை பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சோதனைகள் சிறியவை, ஒருவர் காலையில் ஒளிப்பெட்டி முன் உட்காரவைத்தார், இன்னொருவர் கூரை விளக்கை மாற்றினார், மூன்றாமவர் மாலையில் கொடுத்தார். இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் எதுவும் மிஞ்சாததில் வியப்பில்லை. ஒளிப்பெட்டி முன் அசையாமல் இரு என்று இருப்புக்கொள்ளாதவரிடம் சொல்வதே ஒரு புதுச் சண்டைக்கு வழி.

தரையில் ஒரு பள்ளம்

கூடுதல் வெளிச்சம் ஏன் கெடுதல் செய்யலாம்? கடிகாரத்தை மறந்துவிட்டு, கேமரன் சொன்ன விளக்கத்துக்குத் திரும்பினால் ஒரு பதில் கிடைக்கிறது. வெளிச்சம் கடிகாரத்துக்குச் செய்தி. அதே நேரம் அறையை அறையாகக் காட்டுவதும் அதுதான். அந்த இரண்டாவது வேலையில் ஒரு பிசகு வந்தால் முதல் வேலையின் நன்மை கரைந்துபோகும்.

அல்சைமரில் ஒளி-நிழல் மாறுபாட்டை உணரும் திறனும் ஆழத்தைக் கணிக்கும் திறனும் குறைகின்றன. பளபளக்கும் கிரானைட் தரையில் குழல்விளக்கின் பிம்பம் விழுந்தால் அங்கே தண்ணீர் கொட்டிக் கிடப்பதாகத் தோன்றும். வெளிர் நிறத் தரையில் போட்ட கறுப்பு மிதியடி ஒரு பள்ளமாகத் தெரியும். அதைத் தாண்டச் சொன்னால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பின்னாலிருந்து அடிக்கும் ஒற்றை விளக்கு, உள்ளே வருகிறவரின் முகத்தை இருட்டாக்கி உருவத்தைச் சுவரில் பெரிதாக்கும். அறைக்குள் வருவது மகன் அல்ல, யாரோ. இருட்டியபின் திரை போடாத ஜன்னல் கண்ணாடியாகிவிடும். அதில் தன் பிம்பத்தையே பார்த்து 'யாரோ வெளியே நின்று எட்டிப் பார்க்கிறான்' என்று பதறுபவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது காரணமில்லாத ஆர்ப்பாட்டம். உள்ளே இருப்பவருக்கு அது நியாயமான பயம்.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் மறதி நோயாளிகளுக்கான கட்டட வடிவமைப்பைப் பற்றி ஆலோசனை சொல்லும் மையம் ஒன்று இருக்கிறது. வழக்கமான வெளிச்சத்தைப் போல இரண்டு மடங்கு வையுங்கள், ஆனால் கூசக் கூடாது, நிழல் விழக் கூடாது, அறைக்கு அறை திடீரென மாறக் கூடாது என்பது அதன் அறிவுரை. ஒரு பெரிய விளக்குக்குப் பதில், கூரையில் பட்டுத் திரும்பும் பல விளக்குகள். பளபளப்பில்லாத தரை. பொழுது சாயும் முன்பே இழுத்துவிடும் திரை.

கண்ணில் விழுவதுதான் கணக்கு

லக்ஸை எங்கே அளக்கிறோம் என்பதும் ஒரு சிக்கல். கட்டடப் பொறியாளர்கள் மேசைப் பரப்பில் அளப்பார்கள். மேசையில் 500 இருக்கும்; நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் விழுவது நூறு தேறாது. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலேர் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்தபோது மரியானா ஃபிகெய்ரோ கணக்கைக் கண்ணிலிருந்து தொடங்கினார். நீலம் மிகுந்த வெள்ளை விளக்கை அறையில் வைத்து, கண்ணருகே 300 முதல் 400 லக்ஸ் வரும்படி செய்தார். நீலம் மிகுந்ததால் மெலனாப்சின் செல்களுக்கு அதுவே போதும், கூசும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. 2014இல் 14 பேரிடம் நான்கு வாரம் பார்த்ததில் தூக்கம் கூடியது, சோர்வும் தவிப்பும் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாத சிறிய சோதனை என்பது அவருக்கும் தெரியும். 2019இல் 46 பேரிடம் செய்ததில் ஒவ்வொருவருக்கும் நான்கு வாரம் வேலை செய்யும் வெளிச்சம், நான்கு வாரம் அதே மாதிரித் தெரிந்தும் கடிகாரத்தை எட்டாத வெளிச்சம். தூக்கமும் மனநிலையும் நடத்தையும் மேம்பட்டன.

இரவுக்கும் அவர் ஒரு வழி சொல்கிறார். நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறவர் பளிச்சென்று வெள்ளை விளக்கைப் போட்டால் கடிகாரம் பகலென்று நினைத்துக்கொள்ளும், போடாவிட்டால் விழுவார். மஞ்சள் நிற ஒளிப்பட்டையைக் கழிப்பறைக் கதவின் நிலையைச் சுற்றி ஒட்டினால் போதும். வழி தெரிகிறது, செங்குத்தும் கிடையும் கண்ணுக்குத் தெரிவதால் எழுந்து நிற்கும்போது தள்ளாட்டமும் குறைகிறது.

வெயில் நாட்டின் இருட்டு அறைகள்

ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே விளக்கு வாங்கியாக வேண்டும். சென்னையின் மிகக் குட்டையான பகலும் பதினொரு மணி நேரத்தைத் தாண்டும். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய அடுக்ககத்தின் உள்ளறையில் உட்காரவைத்தால், பூமியின் மிக வெளிச்சமான நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டே ஐம்பது லக்ஸில் ஒரு நாள் கழியும்.

இங்கே முதல் மருந்து காலை ஏழு முதல் ஒன்பது மணிவரை வாசல், மொட்டை மாடி நிழல், பால்கனி. திறந்த வெளியின் நிழலே ஆயிரம் லக்ஸை எளிதாகத் தாண்டும். பகலில் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டாமல், கண் கூசாத அளவுக்குப் பக்கவாட்டில் போடலாம். செல்பேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை இறக்கி, அவர் கண் இருக்கும் உயரத்தில், அவர் பார்க்கும் திசையில் பிடித்தால் ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் வீடுகளில் இரவு பத்து மணிவரை எரிவது பெரும்பாலும் 6,500 கெல்வின் குளிர்வெள்ளை விளக்கு. அதைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, எட்டு மணிக்குப் பின் 3,000 கெல்வின் மஞ்சள் விளக்குக்கு மாறினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். பொழுது சாயும் வரை காத்திராமல் அரை மணி முன்பே கூடத்து விளக்குகளைப் போட்டுவிட வேண்டும். கண்புரை இருந்தால் அதைக் கவனிப்பதே ஒளி சிகிச்சையின் முதல் படி. நெதர்லாந்தில் கண் கெட்டவர்களுக்கு விளக்கு உதவவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தவிப்பு திடீரென்று வந்ததென்றால் விளக்கைத் தொடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை எந்த நேரத்திலும் அதைக் கிளப்பும்.

நெதர்லாந்தில் தவிப்பு குறைந்த ஒன்பது சதவீதம் என்பது குறைவுதானே என்று கேட்கலாம். இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். தவிப்பை அடக்கப் பல இடங்களில் கொடுக்கப்படுவது மனநோய்க்கான மருந்துகள். 17 சோதனைகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மறதி நோயுள்ள முதியவர்களிடம் இவை இறப்பை 1.6 முதல் 1.7 மடங்கு கூட்டுகின்றன என்று 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. சில நேரம் அவை தவிர்க்க முடியாதவை. ஆனால் அந்தச் சீட்டை எழுதும் முன், அந்த மனிதரின் பகலில் பகல் இருக்கிறதா, இரவில் இரவு இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். வீட்டைக் கட்டியவரும் விளக்கு மாட்டியவரும் நாற்காலியை மூலையில் போட்டவரும் தெரியாமலே அதற்கு ஒரு பதில் எழுதிவிட்டார்கள். அந்தப் பதிலைத் திருத்த நரம்பியல் நிபுணர் தேவையில்லை. ஓர் எலக்ட்ரீஷியனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.